நூற்று நாற்பது கிலோ கூடுதல்

— இன்னொரு தடவை பாருங்க சார். சக்கரம் தராசு மேல கோணலா நிக்குதோ என்னமோ.

— நாலு தடவை பார்த்தாச்சு மேடம். கோணலா நின்னாலும் நேரா நின்னாலும் ஆயிரத்து நானூத்தி நாப்பதுதான். கார் பின்னாடி மாட்டியிருக்கிற உங்க கேரவன் எவ்வளவு தாங்கும்னு பேப்பர்ல போட்டிருக்கிறது ஆயிரத்து முந்நூறு. நூத்தி நாப்பது கிலோ கூடுதல். நான் சொல்லலை, தராசு சொல்லுது.

— கேட்டியா ரீம்கே? நூத்தி நாப்பது. அப்ப சரி, போக முடியாது. வா, வீட்டுக்குத் திரும்பலாம்.

— என்னது, திரும்பலாமா? டௌவெ, நான் இன்னும் காபி பிளாஸ்க்கைக்கூடத் திறக்கலை. வீட்டை விட்டு ஆறு கிலோமீட்டர் வந்திருக்கோம். பிரான்சுக்கு இன்னும் ஆயிரத்து இருநூறு இருக்கு.

— சட்டம்னா சட்டம். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு கிலோ கூடுதலா இழுத்தது கிடையாது. இனிமேலும் இழுக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க, சட்டையில ஹார்ம்னு எழுதியிருக்கே, அது உங்க பேருதானே? சொல்லுங்க ஹார்ம், இந்த லட்சணத்துல போகலாமா, கூடாதா?

— நான் போலீஸ் இல்லை சார். நாப்பது வருஷம் பால் லாரி ஓட்டிட்டு ரிட்டயர் ஆனவன். வீட்ல சும்மா இருந்தா பொண்டாட்டி ஜன்னல் துடைக்கச் சொல்றாளேன்னு கேரவன் சங்கத்துக்கு உதவிக்கு வந்து நிக்கிறேன். இந்த மாட்டுச் சந்தை மைதானத்துல எடை போட்டுச் சொல்றது என் வேலை. போறதும் போகாததும் உங்க இஷ்டம். ஆனா வழியில போலீஸ்காரன் நிறுத்தி எடை போட்டான்னா, கூடுதலை ரோட்டோரம் இறக்கி வைனு சொல்லிடுவான்.

— பார்த்தியா, ரோட்டோரம். கட்டில் மெத்தையோட ரோட்டோரத்துல உட்காரணும்.

— அதுக்குத்தானே வந்திருக்கோம். கூடுதலை இங்கயே இறக்கிட்டுப் போவோம். நாளைக்கு நாலு மணிக்குள்ள போய்ச் சேரலேன்னா முகாம்ல நம்ம பதினாலாம் நம்பர் இடத்தை வேற யாருக்காவது குடுத்துருவாங்க. ஆத்தைப் பார்த்த இடம். காலையில கதவைத் திறந்தா தண்ணியில காலை வைக்கலாம். வருஷத்துல நாப்பத்தொம்பது வாரம் நெதர்லாந்துல இந்த ஃப்ரீஸ்லாந்து மழையில ஊறுறேன், மூணு வாரம் காயுறேன். அதையும் விட்டுட்டு வரச் சொல்றியா?

— தோட்டத்துல உட்கார்ந்து காயலாமே. புது நாற்காலி வாங்கியிருக்கோம். சாய்ஞ்சுக்கலாம், கால் நீட்டிக்கலாம்.

— தோட்டத்துலயா? டௌவெ, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஜனவரியிலயே பிரான்ஸ் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில விரிச்சு வைக்கிறவன் நீ. அது மேல தட்டு வைக்காதேன்னு என்னை நின்னுக்கிட்டுச் சாப்பிட வச்ச ஆளு.

— இந்த வருஷம் சட்டம் இடம் குடுக்கலை. நான் என்ன பண்றது?

— சார், கொஞ்சம் பொறுங்க. நூத்தி நாப்பது கிலோ எங்கேருந்து வந்ததுன்னு பார்த்துட்டு அப்புறம் துக்கம் கொண்டாடலாம். லிஸ்ட் ஏதாவது வச்சிருக்கீங்களா? சில பேரு போட்டு வச்சிருப்பாங்க.

— லிஸ்ட் வச்சிருக்கீங்களான்னா கேட்கறீங்க? டௌவெ, அவருக்கு அந்த ஃபைலைக் குடு. குளியலறைத் தராசுல ஒவ்வொரு சாமானையும் கையில பிடிச்சுக்கிட்டு நின்னு, தன் எடையைக் கழிச்சு எழுதினது சார். ஒரு வாரம் எங்க வீட்ல யாரும் குளிக்க முடியலை.

— கணக்கு கணக்கா இருக்கணும், ரீம்கே.

— அடேயப்பா. தேக்கரண்டி நாலு, நூத்தி அறுபது கிராம். கொடிக் கயிறு, இருநூத்திப் பத்து. பல் பிரஷ் ரெண்டு, கைப்பிடி இல்லாம, பதினெட்டு கிராம். இது என்ன சார், கைப்பிடி இல்லாம?

— அறுத்துட்டார். ரம்பத்தால. அஞ்சு வருஷமா நான் ரெண்டு விரலை வாய்க்குள்ள விட்டுத்தான் பல் துலக்குறேன்.

— பத்து கிராம் மிச்சமாச்சா இல்லையா?

— ஆச்சு, ஆச்சு. அந்தப் பத்து கிராமைத்தான் சேர்த்து வச்சு இன்னைக்கு நூத்தி நாப்பது கிலோவாத் திருப்பிக் குடுத்திருக்கே.

— இருங்க மேடம். கடைசியில கூட்டல் போட்டிருக்கார். காலிக் கேரவன் ஆயிரத்து நூத்தி இருபது. சாமான் நூத்தி எழுபத்திமூணு. மொத்தம் ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்திமூணு. ஏழு கிலோ மிச்சமே இருக்கணும். லிஸ்ட் அழகா இருக்கு சார், என் கண்ணுல இவ்வளவு சுத்தமான லிஸ்ட் பட்டதில்லை. அப்ப நூத்தி நாப்பத்தேழு கிலோ, லிஸ்ட்ல ஏறாம வண்டியில ஏறியிருக்கு.

— ஏதாவது ஈரமா இருக்கும். கேரவன் சுவரு ஈரத்தை இழுக்கும்.

— நூத்தி நாப்பத்தேழு கிலோ ஈரம்னா அது கேரவன் இல்லை சார், கால்வாய்.

— அங்க யாரு ஹாரன் அடிக்கிறது? ஐயோ, நம்ம தெரு வீபெ. நமக்கு அடுத்து அவன் வண்டிதான் நிக்குது. இறங்கி நாற்காலியை விரிச்சுட்டான். டௌவெ, அவன் சாண்ட்விச் வேற எடுக்கிறான். நம்மளைப் பார்த்துக்கிட்டே சாப்பிடப் போறான்.

— அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. கேட்டா பிரேக்கைச் சோதிக்கிறாங்கன்னு சொல்லு.

— தராசு மேல அவ்வளவு பெருசா சிவப்பு எழுத்து ஓடுது. அவனுக்கு என்ன கண்ணு தெரியாதா?

— மேடம், நான் உள்ள ஏறிப் பார்க்கட்டுமா? செருப்பைக் கழட்டிட்டு ஏறுறேன். சரி, முதல்ல கழுவுற தொட்டிக்குக் கீழே தண்ணித் தொட்டி. ஆகா. கழுத்து வரைக்கும் நிரம்பியிருக்கு. நாப்பது லிட்டர். நாப்பது லிட்டர்னா நாப்பது கிலோ.

— நான் நிரப்பலை.

— நான்தான் நிரப்பினேன். நேத்து ராத்திரி. பிரான்சுத் தண்ணில காபி போட்டா ருசி இருக்காது.

— டௌவெ. போன வருஷம் நான் ஒரு பாட்டில் தண்ணி எடுத்ததுக்கு, ஒரு லிட்டர் ஒரு கிலோ, பிரான்சுலயும் குழாய் இருக்குன்னு எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தே. பாட்டில் தண்ணியை வாசல் செடிக்கு ஊத்த வச்சே.

— மனுஷன் மாறக் கூடாதா?

— கீழே மூடியைத் திறந்து விடுறேன், தள்ளி நில்லுங்க. போகட்டும். இதோ ஆயிரத்து நானூறு. அடுத்து உட்கார்ற பலகைக்கு அடியில. இது என்ன மூட்டை?

— அது இருக்கட்டும், ஹார்ம். அதைத் தொடாதீங்க. அது வேணும்.

— உருளைக்கிழங்கு சார். மண்ணோட. இருபத்தஞ்சு கிலோன்னு மூட்டையிலயே போட்டிருக்கு.

— டௌவெ, உருளைக்கிழங்கா? எங்கப்பா காலத்துலதான் பிரான்சுக்கு உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிட்டுப் போவாங்க. இருபது வருஷமா நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பே.

— அங்க விக்கிறது வேகவே மாட்டேங்குது. உள்ள ஒரு மாதிரி வழவழன்னு இருக்கு.

— அதைத்தானே போன வருஷம் மூணு தட்டு சாப்பிட்டே, வெண்ணெய் மாதிரி இருக்குன்னு?

— அப்ப பசி.

— இறக்கி வைக்கிறேன். ஆயிரத்து முந்நூத்தி எழுபத்தஞ்சு. நகருது, நகருது. இங்க மேல் அலமாரியில டப்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து டப்பா. பட்டாணி சூப்.

— பட்டாணி சூப்பா? ஜூலை மாசத்துலயா? வெளியில முப்பத்தஞ்சு டிகிரி வெயில் அடிக்கும், நீ சட்டை இல்லாம உட்கார்ந்து கொதிக்கக் கொதிக்க பட்டாணி சூப் குடிக்கப் போறியா? கால்வாய் உறையற குளிர்லயே உனக்கு அது பிடிக்காது. தொத்திறைச்சியை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மீதியை என் தட்டுல தள்ளுவே.

— திடீர்னு ஒரு நாள் குளிர்ந்தா?

— டப்பா ஒண்ணு ஒரு கிலோ. பத்து கிலோ போச்சு. ஆயிரத்து முந்நூத்தி அறுபத்தஞ்சு. இன்னும் அறுபத்தஞ்சு கூடுதல்.

— ஹார்ம், நீங்க ரொம்பச் சிரமப்படறீங்க. போதும். நான்தான் சொல்றேனே, எங்களுக்கு இந்த வருஷம் பிராப்தம் இல்லை. எல்லாத்தையும் திரும்ப ஏத்திட்டு வீட்டுக்குப் போறோம்.

— நீ பேசாம நில்லு. சார், இந்த அறுபத்தஞ்சைக் காருக்கு மாத்திட்டா? பின்சீட்டு காலியாத்தான் இருக்கு.

— காருக்கும் ஒரு அளவு இருக்கு மேடம். நிறையப் பேரு இங்கதான் கோட்டை விடுறாங்க. குதிரை எவ்வளவு இழுக்கும்ங்கிறது ஒரு கணக்கு. வண்டி எவ்வளவு தாங்கும்ங்கிறது இன்னொரு கணக்கு. குதிரை முதுகுல எவ்வளவு ஏத்தலாம்ங்கிறது...

— மூணாவது கணக்கு. கேரவனை மாட்டுற கொக்கி மேல எவ்வளவு அழுத்தலாம்ங்கிறது நாலாவது. எங்க கார் ஆயிரத்து நானூறு இழுக்கும், கேரவன் ஆயிரத்து முந்நூறு தாங்கும், சின்னது எதுவோ அதுதான் செல்லும். இதெல்லாம் எனக்குத் தலைகீழாத் தெரியும்.

— தெரியுதே சார், நல்லாவே தெரியுது. அதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. சரி, காரையும் எடை போட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கும்போது எவ்வளவு, ஒவ்வொருத்தரா இறங்கினதும் எவ்வளவு. லிஸ்ட்ல உங்க எடை எண்பத்திரெண்டுன்னு போட்டிருக்கீங்க.

— எண்பத்திரெண்டுதான்.

— தராசு தொண்ணூத்தேழுன்னு சொல்லுது.

— பூட்ஸ் போட்டிருக்கேன்.

— பதினஞ்சு கிலோ பூட்ஸா? டௌவெ, என் பல் பிரஷ்ல பத்து கிராம் அறுத்துட்டு உன் வயித்துல பதினஞ்சு கிலோ ஒளிச்சு வச்சிருக்கே. அதான் குளியலறைத் தராசுல உன் எடையைக் கழிக்கும்போது என்னை வெளியில நிறுத்திக் கதவைச் சாத்தினியா?

— ஆக, காருல இன்னும் ஒம்பது கிலோதான் ஏத்தலாம் மேடம். ஒரு நல்ல செய்தியும் இருக்கு. காரோட உச்ச அளவு ரெண்டாயிரம், கேரவனோடது ஆயிரத்து முந்நூறு. ரெண்டும் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கு உள்ள. அதனால சாதாரண லைசென்ஸ் போதும், தனியா எதுவும் வேண்டாம். யாரு வேணும்னாலும் ஓட்டலாம்.

— யாரு வேணும்னாலும் இல்லை. நான்.

— அதை அவர்கிட்ட ஏன் சொல்றே? எனக்குத்தான் தெரியுமே. முப்பத்தோரு வருஷமா நீ ஓட்டுவே, நான் மழையில பின்னாடி நின்னு கையை ஆட்டுவேன். இடது, இடது, வலது, நில்லு. நீ கண்ணாடியில என்னைப் பார்க்காமலே இடிப்பே. அப்புறம் என் கை தப்பான பக்கம் ஆடிச்சும்பே.

— கேரவன் இழுக்கிறது பெரிய பொறுப்பு, ரீம்கே. வெளையாட்டு இல்லை. ஒரு நொடி அசந்தா...

— அசந்தா என்ன?

— ஒண்ணுமில்லை.

— அதைப் பத்தியே நானும் சொல்ல வேண்டியிருக்கு சார். கொக்கி மேல எவ்வளவு பாரம் அழுத்துதுன்னு பார்த்தேன். அறுபது, எழுபது கிலோ இருக்கணும். எழுபத்தஞ்சுக்கு மேல போகக் கூடாது. உங்களுது இருபத்தெட்டுதான் இருக்கு. கேரவனோட மூக்கு லேசா இருக்கு, வால் கனமா இருக்கு. அதாவது அந்த அறுபத்தஞ்சு கிலோ எங்க இருக்கோ, பின்னாடிக் கோடியில இருக்கு. இப்படியே எண்பதுல போனீங்கன்னா கேரவன் வாலாட்ட ஆரம்பிச்சுடும்.

— அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க.

— எந்த வார்த்தை சார்? வாலாட்டுறதா?

— வேண்டாம்னு சொல்றேன்ல.

— டௌவெ, உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? இங்க பதினாறு டிகிரிதான். இப்பத்தான் எனக்குப் புரியுது. இன்னைக்குக் காலையில அதான் முப்பதுல உருட்டிக்கிட்டு வந்தியா? ஒரு டிராக்டர் நம்மளைத் தாண்டிப் போச்சு சார். பின்னாடியே சாணி வண்டி. அவனும் தாண்டிப் போயிட்டு எங்களுக்கு டாட்டா காட்டினான்.

— பின்னாடிக் கட்டிலைத் தூக்கிப் பார்க்கறேன், மேடம்.

— அதைத் திறக்க முடியாது. கொண்டி கெட்டுப் போச்சு. ஹார்ம், சொன்னாக் கேளுங்க.

— கொண்டி நல்லாத்தான் இருக்கு சார். திறந்துடுச்சு. மேடம், கொஞ்சம் வர்றீங்களா? போர்வை போத்தி என்னமோ படுத்திருக்கு.

— போர்வைக்கு அடியில என்ன? தூக்குங்க. இது என்ன, கல்லா?

— நடைபாதைக் கல்லு. சிமெண்டுக் கல்லு. தெருவுல, வாசல்ல எல்லாம் பதிப்பாங்களே, அது. ஒரு கல்லு ஒம்பது கிலோ. எட்டு இருக்கு. எழுபத்திரெண்டு. எல்லாம் இறக்கினா சரியா ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்திமூணு. லிஸ்ட் ஒரு கிலோ கூடத் தப்பலை சார்.

— மேடு பள்ளமா இருந்தா சக்கரத்துக்கு அடியில வைக்கறதுக்கு.

— எட்டுக் கல்லா? கேரவனை இறக்கி வச்சு அதுக்கு மேல மாடி கட்டப் போறியா? இருங்க சார், அந்தக் கல்லைத் திருப்புங்க. ஓரத்துல பச்சைப் பெயிண்டு. இது நம்ம வாசக் கல்லு. கேட்டுக்குப் பெயிண்டு அடிக்கும்போது நான் சிந்தினது. காலையில பிளாஸ்க்கையும் பையையும் தூக்கிட்டு வந்து வாசல்ல கணுக்கால் வரைக்கும் ஒரு பள்ளத்துல இறங்கினேனே, நீ என்ன சொன்னே? மண்ணெலி தோண்டிருச்சுன்னே.

— ஆமா.

— எட்டுக் கல்லைத் தூக்கிட்டுப் போற மண்ணெலியா?

— இல்லை.

— சார், அந்தப் பக்கம் வீபெகிட்ட போய் உருளைக்கிழங்கு வேணுமான்னு கேட்டுட்டு வர்றீங்களா? நான் இவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்.

— நான் சும்மா சக்கரத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன் மேடம். என் காது அவ்வளவா கேக்காது.

— சரி, டௌவெ. என்னைப் பாரு. தண்ணி, உருளைக்கிழங்கு, சூப், கல்லு. எல்லாம் நீ ஏத்தினது. லிஸ்ட்ல ஒண்ணு கூட இல்லை. நூத்தி நாப்பது கிலோவை நீயே ஏத்திட்டு, நீயே எடை போடக் கூட்டிட்டு வந்து, நீயே போக முடியாதுங்கறே. எதுக்கு?

— லிஸ்ட்ல பொய் எழுத மனசு வரலை.

— அதை நான் கேட்கலை. பிரான்சுக்கு வர உனக்கு இஷ்டமில்லையா? என்னோட மூணு வாரம் இருக்கறதுக்கு அலுத்துப் போச்சா?

— அய்யோ, அப்படி இல்லை ரீம்கே. அப்படி நினைக்காதே.

— பின்ன?

— போன வருஷம். லியோன் தாண்டி அந்தப் பெரிய இறக்கம். நீ தூங்கிக்கிட்டிருந்தே. ஒரு பெரிய லாரி நம்மளைத் தாண்டிப் போச்சு. அது போன காத்துல கேரவன் ஆட ஆரம்பிச்சுது. முதல்ல லேசா. அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். கண்ணாடியில பார்க்கறேன், கேரவன் பக்கவாட்டுல என் கூடவே வருது. ஸ்டியரிங் என் கையில இல்லை. ரீம்கே, நம்ம ஊர்ல கால்வாய்ப் பாலத்தைத் தவிர மேடே கிடையாது. எனக்கு இறக்கம்னா என்னன்னே தெரியாது. எத்தனை நொடின்னு எனக்குத் தெரியலை. நான் எண்ணலை. எனக்கு எண்ணத் தோணலை. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன். உன்னைத் தூக்கத்துலயே கொன்னுட்டேன்னு நினைச்சேன்.

— அப்புறம்?

— தானா நின்னுது. நான் ஒண்ணும் பண்ணலை. அதுக்கப்புறம் தினமும் வருது. படுத்தா வருது. ஜனவரியில வரைபடத்தை விரிச்சதே, அந்த இறக்கம் இல்லாம வேற வழி இருக்கான்னு பார்க்கத்தான். இல்லை. எல்லா வழியிலயும் ஒரு இறக்கம் இருக்கு. அந்த நாட்டுக்காரங்க எதுக்குத்தான் அப்படிக் கட்டினாங்களோ.

— இதை என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே.

— எப்படிச் சொல்றது? கேரவன்னா தெருவே என்கிட்டதான் வந்து கேக்குது. வீபெக்குக் கொக்கி மாட்டச் சொல்லிக் குடுத்ததே நான். எனக்குப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்றது? தராசு சொல்லட்டும்னு நினைச்சேன். தராசு கூடாதுன்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ கூட என்னைக் கோழைன்னு நினைக்க மாட்டே.

— டௌவெ. நான் தூங்கலை.

— என்ன?

— அந்த இறக்கத்துல நான் தூங்கலை. முதல் ஆட்டத்துலயே முழிச்சுக்கிட்டேன். உன் கை ரெண்டும் வெள்ளையாப் போயிருந்துது. உன் உதடு என்னமோ முணுமுணுக்குது. நான் கண்ணை மூடிக்கிட்டேன். நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா நீ அதுக்கப்புறம் தலை நிமிர மாட்டேன்னு எனக்குத் தெரியும். பதினாலாம் நம்பர் வரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்லை. ரெண்டு மணி நேரம். எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வேற வந்துச்சு.

— அதான் வண்டி நின்னதும் அந்த ஓட்டம் ஓடினியா?

— அதுக்குத்தான்.

— ஒரு வருஷமா உனக்குத் தெரியுமா?

— ஒரு வருஷமாத் தெரியும். நீ ராத்திரியில எழுந்து சமையலறையில போய் உட்கார்ந்திருக்கிறதும் தெரியும். என்னைக்காவது நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா வாசலைத் தோண்டியிருக்கே. உன் மேல எனக்குக் கோபம் கோபமா வருது. அழுகையும் வருது. இரு, மூக்கைச் சிந்திக்கறேன்.

— நான் வேணும்னா உருளைக்கிழங்கை விட்டுடறேன்.

— வாயை மூடு. சார், கல்லெல்லாம் இறக்கியாச்சா?

— இறக்கியாச்சு மேடம். சங்கத்து ஷெட்டுல வைக்கிறேன், திரும்பி வரும்போது எடுத்துக்குங்க. வாசல்ல பள்ளம் இருந்தா தபால்காரன் விழுவான். கூடாரத்தையும் கம்பியையும் அச்சுக்கு மேல நகர்த்தி வச்சிருக்கேன். இப்ப மொத்தம் ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்திமூணு, கொக்கியில அறுபத்தாறு. இதுக்கு மேல சரியா ஒரு கேரவன் இருக்க முடியாது. எண்பதுல போனா ஆடாது. லாரி தாண்டினா காலை எடுத்துடணும், பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கோட சண்டை போடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

— கேட்டியா டௌவெ? அவ்வளவுதான் விஷயம். சாவியைக் குடு.

— எதுக்கு?

— நான் ஓட்டுறேன்.

— நீயா? ரீம்கே, நீ ஒரு தடவை கூட இதை இழுத்தது கிடையாது. பின்னால எடுக்க உனக்குத் தெரியாது.

— பிரான்சு முன்னாலதானே இருக்கு. பின்னால எதுக்கு எடுக்கணும்?

— திரும்பற இடத்துல அகலமாத் திரும்பணும். கண்ணாடி ரெண்டும் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கும். வீபெ பார்த்துக்கிட்டிருக்கான்.

— பார்க்கட்டும். அவன் சாண்ட்விச் தீர்ந்துடுச்சு, அவனுக்கும் பொழுது போகணும். குடு சாவியை. இப்ப நீ ஓட்டினா அந்த இறக்கம் வர்ற வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டர் செத்துச் செத்துப் பிழைப்பே. அதை என்னால பார்க்க முடியாது. இந்தத் தடவை கண்ணை மூடிக்கிட்டு இருக்கவும் முடியாது.

— நான் எங்க உட்காருறது?

— இந்தப் பக்கம். முப்பத்தோரு வருஷமா நான் உட்கார்ந்த இடம். நல்ல இடம்தான். மிட்டாய் டப்பா அங்கதான் இருக்கு.

— நான் என்ன பண்ணணும்?

— எனக்கு மிட்டாயைப் பிரிச்சுக் குடுக்கணும். அடுத்த பெட்ரோல் பங்கு எங்கேன்னு பார்த்துச் சொல்லணும். பயமா இருந்தா பயமா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லணும். வேகத்தைக் குறைச்சுக்கிறேன்.

— இப்பவே கொஞ்சம் இருக்கு.

— இப்ப நாம தராசு மேல நிக்கிறோம், டௌவெ.

— ஆமா, இருந்தாலும் சொன்னேன்.

— சொன்னது நல்லது. பெல்ட்டைப் போடு. சார், ரொம்ப நன்றி. பட்டாணி சூப்பை நீங்களே வச்சுக்குங்க.

— குளிர்காலத்துல குடிச்சுக்கறேன் மேடம். சார், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க, உங்க ஃபைலைப் பிடிங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க.

— கிளம்பலாமா, டௌவெ?

— கிளம்பு. பார்த்து. மெதுவா. இரு, வீபெ கையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றான்.

— ஏய் ரீம்கே, நில்லு நில்லு. முதல்ல இறங்கிப் போய்க் கேரவனோட கைப்பிரேக்கை எடுத்துவிடு. போன சனிக்கிழமை ஓட்டிப் பழகறப்ப என் கேரவனை அப்படியே இந்த மைதானம் பூரா தரதரன்னு இழுத்தே, பாவம் டௌவெ, அவருக்குச் சொந்தக் கேரவன் இது ஒண்ணுதான் இருக்கு.